பிள்ளைக்குப் பேஸ்பால் பயிற்சி கொடுக்கும் பெற்றோருக்கு ஏற்படும் ஊமைக்காயங்கள்: ஆலோசனை தேவை

செங்காங் அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்குப் பதினொரு வயது. இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். அவனுடைய பள்ளியில் பேஸ்பால் இணைப்பாட நடவடிக்கையாக இல்லாததால், வார இறுதியில் ஒரு குழுவில் சேர்ந்து விளையாடுகிறான். அங்குள்ள பயிற்றுநர் அவனைப் பந்து வீசும் பிட்சராக வளர்க்க விரும்புகிறார். வார நாள்களிலும் அவன் கொஞ்சம் வீசிப் பழக வேண்டும் என்று அவர் சொன்னதால், வேலை முடிந்து வந்ததும் எங்கள் புளோக்கிற்குப் பக்கத்தில் உள்ள திடலுக்கு நான்தான் அவனை அழைத்துச் செல்கிறேன். அவனுடைய வயதுப் பிரிவுக்குரிய 14 மீட்டர் தூரத்தை அளந்து, அவன் நின்று வீச, நான் குந்தி அமர்ந்து பிடிக்கிறேன்.

அவனுடைய வீச்சு நாளுக்கு நாள் வேகமாகிறது, ஆனால் குறி இன்னும் நிலைப்படவில்லை. பந்து எனக்கு முன்னால் தரையில் பட்டுக் கணைக்காலில் மோதுகிறது. சில நேரம் தொடையில் அடிக்கிறது. வலது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. இடது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியில், தொட்டாலே வலிக்கும் அளவுக்கு ஒரு வீக்கம் நிரந்தரமாகத் தங்கிவிட்டதுபோல் இருக்கிறது. நான் போட்டுக்கொள்வது அவன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்திய கையுறையைத்தான். ஊரில் இருந்தபோது கல்லூரி நாள்கள் வரை கிரிக்கெட் ஆடியவன் என்பதால், பந்து பிடிப்பது எனக்குப் புதிதன்று. இருந்தும் ஏன் இவ்வளவு அடிபடுகிறது என்பது விளங்கவில்லை. வயதாகி அனிச்சைச் செயல் மந்தமாகிவிட்டதோ என்ற ஐயமும் இருக்கிறது.

வீட்டில் என் மாமியார் கோடாலித் தைலத்தை ஊற்றி அழுத்தித் தேய்த்துவிடுகிறார். பந்து பட்டபோது இருந்த வலியைவிட அது பெரிய வலியாக இருக்கிறது. மனைவியோ இதை இத்துடன் நிறுத்திவிடுங்கள் என்கிறார். நிறுத்த எனக்கு மனமில்லை. மகன் என்னோடு மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். பெரியவர்களும் கவசம் அணிந்துகொள்ளத்தான் வேண்டுமா, இந்தக் காயங்களை எப்படிக் கவனிக்க வேண்டும், எந்த நிலையில் மருத்துவரிடம் போக வேண்டும் என்பவற்றை இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிடோக் வாசி பதிலளித்தது:

வணக்கம் சகோதரரே. என் மகன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான்; அவன் சிறுவனாக இருந்தபோது பல ஆண்டுகள் நானும் உங்களைப்போல் அடிவாங்கியவன்தான். உங்கள் உடம்பில் காயங்கள் இருக்கும் இடங்களை வைத்தே காரணத்தைப் பெருமளவு சொல்லிவிடலாம். அதற்கும் உங்கள் வயதுக்கும் அதிகத் தொடர்பில்லை.

முதலில் கணைக்காலை எடுத்துக்கொள்வோம். பதினொரு வயதுப் பையன் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறான் என்று வைத்துக்கொண்டால், 14 மீட்டர் தூரத்தைப் பந்து கடக்க ஏறத்தாழ 0.6 முதல் 0.7 விநாடி ஆகும். நேராக வரும் பந்தைப் பிடிக்க இந்த நேரம் போதும். ஆனால் உங்களுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தரையில் பட்டு எழும் பந்து உங்களை வந்தடைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கண் பார்த்துக் கை அசையத் தொடங்குவதற்கே நல்ல இளைஞனுக்கும் ஏறத்தாழ 0.2 விநாடி தேவைப்படுகிறது. அதாவது, தரையில் பட்டபின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பார்த்து அதற்கேற்பக் கையை நகர்த்துவது எவராலும் ஆகாத காரியம். பிட்சர் வீசுவதைக் குந்தி அமர்ந்து பிடிக்கும் தொழில்முறைக் கேட்சர்களும் அந்தப் பந்தைப் பிடிக்க முயல்வதில்லை. முழங்கால்களைத் தரையில் ஊன்றி, தாடையை மார்போடு சேர்த்து, கையுறையைக் கால்களுக்கு நடுவே வைத்து, நெஞ்சுக்கவசத்தின் மேல் பந்தை விழவிட்டு முன்னால் தடுத்து நிறுத்துகிறார்கள். அவர்கள் முகமூடி, நெஞ்சுக்கவசம், கால்காப்பு, உள்ளே ஆண்களுக்கான காப்பு எல்லாவற்றையும் அணிந்திருப்பதால்தான் அப்படிச் செய்ய முடிகிறது. நீங்கள் அரைக்கால் சட்டையும் டி சட்டையுமாக அமர்ந்து அதே வேலையைச் செய்கிறீர்கள்.

கிரிக்கெட் பழக்கம் இங்கே உங்களுக்கு உதவுவதைவிட இடையூறு செய்வதே அதிகம் என்பது என் கருத்து. கிரிக்கெட்டில் இரண்டு கைகளையும் சேர்த்துத்தான் பிடிக்கக் கற்றோம். ஆகவே கையுறை அணியாத வலது கை தானாகவே பந்தை நோக்கிப் போகிறது, பந்து கையுறையின் விளிம்பில் பட்டு அந்தக் கட்டைவிரலின் மேல் ஏறுகிறது. உங்கள் நகம் கறுத்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பேஸ்பாலில் ஓட்டக்காரர் யாரும் இல்லாதபோது கேட்சர் தன் வெறுங்கையை முதுகுக்குப் பின்னாலோ வலது கணுக்காலுக்குப் பின்னாலோ மறைத்து வைத்துக்கொள்வதைக் காணொளிகளில் கவனித்துப் பாருங்கள். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரச் சில வாரங்கள் ஆகும். வேண்டுமானால் அந்தக் கையால் இடுப்புவாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.

உள்ளங்கை வீக்கத்திற்குக் காரணம் கையுறை. சிறுவர் கையுறைக்குள் பெரியவர் கை முழுமையாக நுழையாது. வலைப்பகுதியில் விழ வேண்டிய பந்து உங்கள் உள்ளங்கையில் வந்து மோதும். தடித்த பஞ்சணை வைத்த, விரல்கள் தனித்தனியாகப் பிரியாத கேட்சர் கையுறை ஒன்றைப் பெரியவர் அளவில் வாங்குங்கள். புதிதாக வாங்க விருப்பமில்லையென்றால், விளையாட்டை விட்டு வெளியேறும் குடும்பங்களிடம் பழையது கிடைக்கும். உண்மையில் பழகிய தோல் கையுறைதான் பிடிக்க எளிது. கால்காப்பையும் முகமூடியையும் அதே வழியில் தேடலாம். கவசம் வந்து சேரும்வரை குந்தி அமர வேண்டாம். கவிழ்த்த வாளியின் மேல் அமர்ந்து பிடிப்பது அமெரிக்கத் தந்தையரிடையே பரவலாக உள்ள வழக்கம். முழங்காலுக்கு அது நல்லது என்றாலும் அமர்ந்த இடத்திலிருந்து விலக முடியாது என்பதால், கால்காப்பு இல்லாமல் அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லா நாளும் நீங்கள் பிடித்தாக வேண்டும் என்பதும் இல்லை. மடித்து எடுத்துச் செல்லக்கூடிய வலை ஒன்றை நிறுத்தி, அதில் பட்டையால் ஒரு செவ்வகம் கட்டிவிட்டால், குறி பழகும் வேலையைப் பையன் தனியாகவே செய்துகொள்வான். நீங்கள் பக்கவாட்டில் நின்று அவன் கால் வைப்பதையும் தோள் திரும்புவதையும் பார்க்கலாம்; குந்தி இருக்கும்போது அது உங்கள் கண்ணில் படாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கவசத்தோடு அமர்ந்து பிடித்தால் போதும். அவன் தோளுக்கும் முழங்கைக்கும் அதுவே நல்லது. அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிப்படி 11, 12 வயதினர் ஆட்டத்தில் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். வார இறுதி ஆட்டத்திற்குப் பிறகு வார நாள்களிலும் முழு வேகத்தில் வீசினால் அந்த வரம்பு என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகன் மட்டையெடுத்து அடிக்கும் நாள்களில் நீங்கள் முன்னால் நின்று கீழ்க்கையாகப் பந்து போட்டுக் கொடுப்பீர்களானால், பயிற்சியிலேயே மிக ஆபத்தான இடம் அதுதான். வீசும் பந்தைவிட அடித்த பந்து வேகமாக வரும், தூரமோ பாதிதான் இருக்கும். ஆங்கில எல் எழுத்தின் வடிவில் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும் காப்பு வலையின் பின்னால் நின்று போடுங்கள். அது இல்லையென்றால் பந்தைத் தாங்கியின் மேல் வைத்து வலையை நோக்கி அடிக்கச் சொல்லுங்கள், அல்லது துளையிட்ட நெகிழிப் பந்தைப் பயன்படுத்துங்கள். டென்னிஸ் பந்தும் போதும்.

நேரத்தையும் கவனியுங்கள். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது, மறைந்த சிறிது நேரத்திலேயே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து ஆறரைக்குத் திடலுக்கு வருபவர், “இன்னும் பத்துப் பந்து” என்று நீட்டிக்கும் கடைசிப் பத்துப் பந்தில்தான் அடி வாங்குகிறார். மழை பெய்து காய்ந்த திடலில் காலடித் தடங்கள் இறுகி மேடுபள்ளமாகக் கிடக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

ஈசூன் தாதி பதிலளித்தது:

நான் தாதியாகப் பணிபுரிகிறேன். என் மகள் உயர்நிலைப்பள்ளியில் சாஃப்ட்பால் விளையாடுகிறாள். பெயரைப் பார்த்து அது மென்மையான பந்து என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பேஸ்பால் 142 முதல் 149 கிராம் வரை இருக்கும், மகளிர் ஆடும் 12 அங்குலச் சுற்றளவு சாஃப்ட்பாலோ 178 கிராமுக்குக் குறையாது. கவசம் பற்றி பிடோக் அண்ணன் விளக்கிவிட்டார். நான் காயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இது பொதுவான தகவல்தான், மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு ஈடாகாது.

பந்து பட்டவுடன் தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து, இரத்தம் சுற்றியுள்ள திசுக்களில் கசிகிறது. அதுதான் ஊமைக்காயம். அந்த நேரத்தில் அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடுமே தவிரக் குறையாது. எனவே உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி, முதல் இரண்டு நாள்களுக்குத் தைலம், சூட்டு ஒத்தடம், உருவிவிடுதல் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அவர் மனம் வருந்தாதபடி சொல்ல வேண்டுமென்றால், மூன்றாம் நாளிலிருந்து மென்மையாகப் பூசிவிடலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. தொடைத் தசையின் ஆழத்தில் பட்ட பலத்த அடியை ஆரம்பத்திலேயே பலமாக உருவிவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்படிப்பட்ட காயத்தில் சில நேரம் தசைக்குள்ளேயே எலும்புபோன்ற கடினத் திசு உருவாகிவிடுவதுண்டு. தொடர்ந்து உருவிவிடுவது அதற்கான வாய்ப்பைக் கூட்டக்கூடும்.

பட்டவுடன் செய்ய வேண்டியது பனிக்கட்டி ஒத்தடம். மெல்லிய துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுத்து, சில மணி நேர இடைவெளியில் திரும்ப வையுங்கள். தோலின் மேல் நேரடியாக வைத்தால் தோல் பனியால் புண்ணாகும். காலில் பட்டிருந்தால் உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதுமானது. ஊதாவாக இருந்த இடம் பச்சையாகி, மஞ்சளாகி, பழுப்பாகி மறைய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினை உடல் படிப்படியாகச் சிதைத்து அகற்றுவதால்தான் நிறம் இப்படி மாறுகிறது; பச்சை நிறத்தைக் கண்டு சீழ் பிடித்துவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை.

விரல்களை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பந்து விரல் நுனியில் நேராக மோதினால், நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்துவிடலாம். அப்போது விரலின் கடைசிக் கணு தொங்கிப்போகும். நீங்களாக அதை நிமிர்த்த முடியாது, மற்றொரு கையால் தூக்கினால் நிமிரும். வலி குறைவாக இருப்பதால் பலர் இதைச் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். இதற்குச் சிகிச்சை, அந்தக் கணுவை நிமிர்ந்த நிலையிலேயே வைக்கும் பத்தையை இரவு பகலாக ஆறு முதல் எட்டு வாரம் அணிவது. இடையில் ஒருமுறை மடங்க விட்டாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்திற்குச் சென்று ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்த நகத்தைப் பொறுத்தவரை, வலி குறைந்துகொண்டே வந்தால் அப்படியே விட்டுவிடலாம், நகம் வளர வளரக் கறுப்பு முன்னே தள்ளப்பட்டுப் போய்விடும். நகத்தின் அடியில் விண்விண் என்று தெறிக்கும் வலி தாங்க முடியாமல் இருந்தால் மருத்துவர் சிறு துளையிட்டு இரத்தத்தை வெளியேற்றுவார். ஊசியைக் காய்ச்சி வீட்டில் நீங்களே செய்துகொள்ள வேண்டாம். உங்கள் உள்ளங்கை வீக்கம் வாரக்கணக்கில் தணியாமல் இருப்பதாக எழுதியிருப்பதால், அதையும் அதே வருகையில் காட்டிவிடுங்கள்.

அவசரப் பிரிவுக்கு நேராகச் செல்ல வேண்டிய நிலைகளும் இருக்கின்றன. கண்ணில் பட்டுப் பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ காத்திருக்காதீர்கள். தலையில் பட்டபின் வாந்தி, குழப்பம், அடங்காத தலைவலி வந்தாலும் அப்படித்தான். கெண்டைக்கால் கல்போல் இறுகி, அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத கடுமையான வலியும் பாதத்தில் மரத்துப்போன உணர்வும் ஏற்பட்டால், தசைப்பகுதிக்குள் அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். அது சில மணி நேரத்தில் காலுக்கே ஆபத்தாக முடியும்.

இறுதியாக, இது உங்களைவிட உங்கள் மகனைப் பற்றியது. பிள்ளைகளின் நெஞ்சுக்கூடு இளகியதாக இருப்பதால், நெஞ்சின் நடுவில் படும் பந்து, அதிக வேகமில்லாவிட்டாலும், இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடிப்பொழுதில் பட்டுவிட்டால் துடிப்பைக் குலைத்து மயங்கி விழச் செய்யக்கூடும். இது மிக அரிது. ஆனாலும் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி பேஸ்பாலில் 2020 முதல் கேட்சர்களின் நெஞ்சுக்கவசம் இந்த ஆபத்தைக் கருத்தில் கொண்ட தரநிலைக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நெஞ்சில் பட்டுப் பிள்ளை விழுந்து மூச்சுப்பேச்சின்றிக் கிடந்தால், 995ஐ அழைத்து, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் ஏஇடி கருவியை எடுத்துவர ஒருவரை அனுப்ப வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தரைத்தள மின்தூக்கிக்கு அருகே அந்தக் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். உங்கள் திடலுக்கு மிக அருகில் எது இருக்கிறது என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மரீன் பரேட் அம்மா பதிலளித்தது:

அப்பாக்கள் மட்டும்தான் இதில் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகளுக்குப் பந்து போட்டுக் கொடுத்ததில் என் முழங்கையிலிருந்து தோள் வரை ஒருமுறை நீலம் பாய்ந்திருந்தது. வேறொரு காரணத்திற்காக மருந்தகத்திற்குப் போனபோது, அங்கிருந்த மருத்துவர் கணவரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, “வீட்டில் எல்லாம் நலமா, உங்களுக்கு ஏதும் பயமிருக்கிறதா?” என்று மெதுவாகக் கேட்டார். சாஃப்ட்பால் என்று நான் சொன்னதை அவர் நம்புவதற்குக் கைப்பேசியில் இருந்த காணொளியைக் காட்ட வேண்டியிருந்தது. அவர் கேட்டது சரியான செயல் என்றே இன்றும் நினைக்கிறேன். அலுவலகத்தில் சக ஊழியர்கள் கேட்காமல் பார்த்துக்கொண்டு போவதுதான் சங்கடம். நான் இப்போது நானாகவே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

பக்கவாட்டிலிருந்து பந்து போட்டுக் கொடுப்பவர்கள், அடிப்பவருக்கு நேர்ப் பக்கத்தில் நிற்காமல் சற்று முன்னால், வலையை நோக்கிய கோணத்தில், ஒரு முழங்காலை ஊன்றி அமர்ந்து போட வேண்டும். மட்டை சுழன்று முடியும் வட்டத்திற்குள் போகக் கூடாது. என் கையில் பட்டவற்றில் பாதி பந்து அல்ல, மட்டைதான்.

கிளமெண்டி கிரிக்கெட்காரர் பதிலளித்தது:

மேலே எழுதியவர்கள் மீது மரியாதை இருக்கிறது, ஆனாலும் இதெல்லாம் சற்று மிகையாகத் தெரிகிறது. கிரிக்கெட் பந்து 156 கிராமுக்கு மேல் எடை. பேஸ்பாலைவிடக் கனம், கடினத்திலும் குறைந்ததன்று. பாலஸ்டியர் பக்கத்துத் திடல்களில் நாங்கள் வெறுங்கையால் பிடித்து வளர்ந்தவர்கள். இரண்டு கன்றிய இடத்திற்காக முகமூடியும் நெஞ்சுக்கவசமும் மாட்டிக்கொண்டு புளோக்கிற்கு எதிரே அமர்ந்தால், அக்கம்பக்கத்தார் சிரிப்பது ஒருபுறம் இருக்கட்டும், பிள்ளைக்கு அது என்ன கற்றுக்கொடுக்கும்? சிறிய வலிகளைத் தாங்கப் பழகுவதும் விளையாட்டின் பகுதிதான். அப்படி ஆபத்து என்று தோன்றினால் தனிப் பயிற்றுநரிடம் விட்டுவிடலாமே.

பிடோக் வாசி பதிலளித்தது:

கிரிக்கெட்காரரே, எடை பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது களத்தில் நின்ற உங்களை அல்ல, விக்கெட் காப்பாளரை. எந்த விக்கெட் காப்பாளராவது கால்காப்பும் இரு கையுறையும் இல்லாமல் ஒரு மாலை முழுவதும் பந்து பிடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? களத்தடுப்பாளருக்கு ஓர் ஆட்டத்தில் கைக்கு வரும் வேகமான பந்து விரல்விட்டு எண்ணக்கூடியது, வரும்போது பின்வாங்கிக் கையை இளக்கிப் பிடிக்கவும் இடமிருக்கும். நம் நண்பர் அமர்ந்த இடத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வாங்குகிறார். களத்தடுப்பாளர் மட்டையாளருக்கு அருகில் நிற்கும்போது தலைக்கவசம் போடுவதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை.

விளையாடுபவர்களுக்கு மட்டும்தான் கவசம் வேண்டும் என்று அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். 2007 ஜூலையில், மேஜர் லீக் எனும் முதன்மை லீக்கிற்குக் கீழுள்ள லீக்கில் ஆடும் தொழில்முறை அணியான டல்சா டிரில்லர்சின் முதல் பேஸ் பயிற்றுநர், அதாவது ஆட்டத்தின்போது களத்தில் முதல் பேஸுக்கு அருகே நின்று ஓட்டக்காரர்களுக்கு வழிகாட்டுபவரான மைக் கூல்பா, மட்டையிலிருந்து நேராகப் பாய்ந்து வந்த பந்து கழுத்தில் பட்டு உயிரிழந்தார். அவர் ஆட்டக்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், பந்தின் போக்கை அறியாதவர் அல்லர். அடுத்த ஆண்டிலிருந்து பேஸ் பயிற்றுநர்களும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று மேஜர் லீக் விதி செய்தது. செங்காங் திடலில் அப்படி நடக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. பெரியவர், அனுபவசாலி என்பதற்காகப் பந்து விலகிப் போகாது என்கிறேன்.

தனிப் பயிற்றுநர் பற்றி: வசதி உள்ளவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அவர் முதலில் கேட்கப்போவதும் ஒரு வலையைத்தான்.

செங்காங் அப்பா எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. தொங்கும் விரல் பற்றிப் படித்தவுடன் பத்து விரல்களையும் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டேன், எல்லாம் நிமிர்கின்றன. உள்ளங்கையைக் காட்ட வரும் வாரத்திற்குப் பலதுறை மருந்தகத்தில் நேரம் பதிவு செய்திருக்கிறேன். மாமியாரிடம் தாதி அக்கா சொன்னபடியே “மூன்றாம் நாளிலிருந்து” என்று சொன்னதில் பிரச்சினை சுமுகமாக முடிந்தது.

இரண்டு சந்தேகங்கள். மென்மையான பயிற்சிப் பந்து என்று விற்கிறார்களே, அதில் பழகினால் உண்மையான பந்தில் வீசும்போது பிடி மாறிவிடுமா? இன்னொன்று, என் தந்தை இப்போது எங்களோடு தங்கியிருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பேரன் விளையாடுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து, நான் தவறவிடும் பந்துகளை எடுத்துப் போடுகிறார். அவரைத் தடுக்கவும் மனம் வரவில்லை.

பிடோக் வாசி பதிலளித்தது:

பந்தைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். அளவும் எடையும் தையலும் உண்மையான பந்தைப் போலவே இருந்து, உட்புறம் மட்டும் இளகியதாகச் செய்யப்பட்ட பந்துகள் இருக்கின்றன; விரல்கள் தையலைப் பிடிக்கும் விதம் அவற்றில் மாறாது. பிடித்துப் பழகும் நாள்களில் அதைப் பயன்படுத்தி, வலையில் வீசும் நாள்களில் உண்மையான பந்தைக் கொடுங்கள். வலையில் கடினப் பந்து வீசுவதற்கு முன், அந்தத் திடலில் எவ்வகைப் பந்துக்கு அனுமதி உண்டு என்று அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், ஐயமிருந்தால் நகர மன்றத்திடம் கேட்டுவிடுங்கள். முகமூடி வாங்கும்போது கழுத்தின் முன்புறத்தை மறைக்கும் தொங்குகாப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஈசூன் தாதி பதிலளித்தது:

அப்பாவை உங்களுக்குப் பின்னால் அமர வைக்காதீர்கள். நீங்கள் தவறவிடும் ஒவ்வொரு பந்தும் போகும் வழியில் அவர் இருக்கிறார். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உங்களுக்கு ஏற்படும் அதே அடி பல மடங்கு பரவிய இரத்தக்கட்டாக மாறும். தலையில் பட்டுவிட்டால், வலியோ வீக்கமோ இல்லாவிட்டாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று இன்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூளைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் பல மணி நேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். அடிபடும் என்று அஞ்சி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய ஆபத்து.

வீசுபவருக்குப் பின்னால், நன்றாக விலகி, முடிந்தால் ஒரு வலைக்கு மறுபுறம் நாற்காலியைப் போடுங்கள். பந்து எடுத்துப் போடும் வேலைக்குப் பதிலாக, எத்தனை பந்து வீசினான் என்று எண்ணும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். மேலே சொன்ன வரம்பை உங்களைவிட அவர் கறாராகக் கடைப்பிடிப்பார்.